கெட்டிலில் கொதிக்காத ஓரிடம்: சைட் கிளாஸைப் பொருத்துவதும் கிருமி நீக்குவதும்

வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள், கெட்டில் எனப்படும் பெரிய கொதிகலனைக் கிருமி நீக்கம் செய்வதில்லை; செய்யத் தேவையும் இல்லை. ஒரு மணி நேரம் வோர்ட் (பின்னர் நொதித்துப் பீராகும் இனிப்பான தானியச் சாறு) அதில் தளதளவென்று கொதிக்கும்போது, பாத்திரத்தின் உட்சுவரில் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் தாமாகவே மடிந்துவிடும். அதே கெட்டிலின் பக்கவாட்டில், மட்டம் பார்ப்பதற்காக நாம் பொருத்தும் சைட் கிளாஸ் என்னும் மெல்லிய குழாய்க்கு இந்த விதி பொருந்தாது. உள்ளே வோர்ட் புரண்டுகொண்டிருக்கும்போது, குழாய்க்குள் நுழைந்த வோர்ட் நகராமல் நிற்கிறது. வெளிக்காற்று பட்டுக் குழாய் குளிர்ந்துகொண்டே இருப்பதால், பல அமைப்புகளில் அதன் மேற்பகுதியைக் கையால் தொட்டுப் பார்க்க முடிகிற அளவுக்கே சூடு இருக்கும். கடைசியில் கெட்டிலிலிருந்து நொதிகலனுக்கு வோர்ட்டை இறக்கும்போது, மட்டம் தாழத் தாழ, குழாயில் நின்றிருந்த அந்தக் கொதிக்காத வோர்ட்டும் கீழே இறங்கிக் கெட்டிலில் கலந்துவிடுகிறது.

நான் முதலில் பொருத்திய சைட் கிளாஸில், குழாயைக் கழற்றாமல் வெந்நீர் மட்டும் ஊற்றி அலசிவந்தேன். சில மாதங்கள் கழித்து ஒரு கசிவுக்காக எல்போவை (குழாயைக் கெட்டிலோடு சேர்க்கும் L வடிவ இணைப்பை) திருகி எடுத்தபோது, அதன் வளைவுக்குள் பழுப்பும் சாம்பலுமாக ஒரு வழவழப்பான படலம் ஒட்டியிருந்தது; புளித்த மாவின் வாடை வந்தது. வெளியே கண்ணாடி பளபளவென்றுதான் இருந்தது. அன்றிலிருந்து, ஒரு சைட் கிளாஸ் நல்லதா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: ஸ்பானர் இல்லாமல், இரண்டு நிமிடத்தில், அதன் ஒவ்வொரு துண்டையும் தனியாகக் கையில் எடுக்க முடிய வேண்டும். பொருள்களை வாங்குவது முதல் துளையிடுவது வரை கீழே சொல்லப்படும் எல்லா முடிவுகளும் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

குழாயும் இணைப்புகளும்

சந்தையில் கிடைக்கும் குழாய்கள் பெரும்பாலும் மூன்று வகை: போரோசிலிகேட் கண்ணாடி, பாலிகார்பனேட், பாலிசல்ஃபோன். பாலிகார்பனேட் எளிதில் உடையாது, விலையும் குறைவு. ஆனால் காரத்தன்மை மிகுந்த துப்புரவுக் கரைசலும், நீண்ட நேரம் படும் வெந்நீரும் அதை மெல்ல அரிக்கும். முதலில் மங்கும், பிறகு மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றும்; அந்த விரிசல்கள் பிரஷ் எட்டாத அளவுக்கு நுண்ணியவை என்பதால், கிருமிகளுக்கு அதைவிட நல்ல வீடு வேறில்லை. பாலிசல்ஃபோன் சூட்டையும் காரத்தையும் நன்றாகத் தாங்கும். இலேசான தேன் நிறம் இருப்பதால், வெளிர் நிற வோர்ட்டின் மட்டத்தைப் பார்க்கச் சற்றே உற்று நோக்க வேண்டியிருக்கும். போரோசிலிகேட் கண்ணாடி எந்தக் கரைசலுக்கும் அசையாது, கீறலும் எளிதில் விழாது, திடீர்ச் சூட்டையும் தாங்கும். தட்டினால் உடையும் என்பது மட்டுமே அதன் குறை. என் தேர்வு கண்ணாடிதான். ஆனால் அதைச் சுற்றி உலோகக் காப்புக் கூடு கட்டாயம் இருக்க வேண்டும்.

அந்தக் கூட்டை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. கெட்டிலில் 40 செ.மீ. உயரத்துக்குக் கொதிக்கும் வோர்ட் இருக்கையில் கரண்டி பட்டுக் குழாய் உடைந்தால், 10 மி.மீ. துளை வழியாக நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் வரை, நம் முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ பீய்ச்சி அடிக்கும். இதற்காகச் சிலர் அடி இணைப்பில் ஒரு சிறு பால் வால்வை (ball valve; துளையிட்ட உருண்டையைத் திருப்பித் திறந்து மூடும் வால்வை) வைக்கிறார்கள். பாதுகாப்புக்கு அது நல்லதே. ஆனால் சாதாரணப் பால் வால்வின் உருண்டைக்குப் பின்னால் வோர்ட் தேங்கும் குழிவு ஒன்று உண்டு. வைப்பதானால், மூன்று துண்டாகப் பிரித்துக் கழுவக்கூடிய வால்வையே வைக்க வேண்டும்.

அடி இணைப்புக்குப் பெரும்பாலான கிட்களில் எல்போ தருகிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு டீயை (T வடிவ மூவாய் இணைப்பை) வாங்கி, அதன் கீழ் வாயைக் கையால் திருகும் மூடியால் அடைத்துக்கொள்ளுமாறு அழுத்திச் சொல்வேன். மூடியைத் திறந்தால் குழாய் மேலிருந்து கீழ் வரை நேர்க்கோடாகிவிடும். பிரஷ் தடையின்றிப் போய் வரும். உள்ளே ஒளி அடித்துப் பார்க்கலாம். எல்போவின் வளைவில் பிரஷ் மடங்கி, அழுக்கு இருக்கும் மூலையை மட்டும் விட்டுவிட்டு வரும். மூடிக்குப் பதிலாக ஒரு சிறு வடிகுழாயை அங்கே வைத்தால், பின்னால் சொல்லப்போகும் கிருமி நீக்க முறைக்கும் உதவும்.

கசிவை அடைக்கும் வளையங்களான ஓ-ரிங்குகளும் வாஷர்களும் உணவுத் தரச் சிலிகோனாக இருக்கட்டும். நிப்பிள் (கெட்டில் சுவர்த் துளையில் நுழையும் மரையுள்ள குட்டைக் குழாய்), டீ, நட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே கிடைக்கின்றன. முலாம் பூசிய மலிவான நட் ஒன்றே ஒன்று கலந்திருந்தாலும், பூச்சு உரிந்து அங்கேதான் முதலில் துரு தோன்றும்.

துளை எங்கே

கெட்டிலின் சுவரும் அடிப்பகுதியும் சேரும் இடம் வளைவாக இருக்கும். அந்த வளைவில் வாஷர் படியாது. நட்டின் அகலத்தையும் கணக்கில் கொண்டால், துளையின் மையம் அடியிலிருந்து நான்கரை அல்லது ஐந்து செ.மீ. உயரத்தில் அமைவது இயல்பு. அதற்குக் கீழே உள்ள மட்டத்தைக் குழாய் காட்டாது. 36 செ.மீ. விட்டமுள்ள கெட்டிலில் ஒரு செ.மீ. உயரம் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆகையால், காட்டாத அளவு நாலைந்து லிட்டர். அவ்வளவு சிறிய அளவை யாரும் கெட்டிலில் அளக்கப்போவதில்லை என்பதால் இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

சுற்றளவில் இடம் தேடும்போது மூன்றைத் தவிர்க்க வேண்டும்: கைப்பிடியின் நேர்க்கீழ், வடிகால் வால்வின் நேர்மேல், பம்ப்பிலிருந்து வோர்ட் சுழன்று நுழையும் வாயின் எதிர்ப்புறம். கடைசியானதில், வேகமாக வரும் ஓட்டம் துளையின் மேல் மோதி மட்டத்தைப் பொய்யாகக் காட்டும். பர்னரின் தீ நாக்குகள் கெட்டிலின் பக்கவாட்டில் ஏறும் அமைப்பாக இருந்தால், அடி இணைப்புக்குக் கீழே ஒரு தகட்டுத் தடுப்பு வைக்க வேண்டும். இல்லையெனில் டீக்குள் இருக்கும் சிறிதளவு வோர்ட் தனியாகக் கொதித்து, நீராவிக் குமிழி அதைக் குழாயின் மேல்முனை வழியாக ஊற்றுப்போலத் துப்பும். கைக்கும் முகத்துக்கும் ஆபத்து. அந்தச் சூட்டில் ஓ-ரிங்கும் கருகும்.

தானியத்தை ஊறவைக்கும் கலனிலும் சைட் கிளாஸ் வைப்பதென்றால், போலி அடித்தட்டுக்குக் (தானியத்தைத் தாங்கி வோர்ட்டை மட்டும் கீழே விடும் துளைத் தட்டுக்குக்) கீழே துளையிடுவது ஒரு கூடுதல் பயன் தரும். வோர்ட்டைப் பம்ப்பால் சுழற்றும்போது தானியப் படுகை இறுகிவிட்டால், மேலே வோர்ட் நிறைந்திருந்தும் குழாயில் மட்டம் மளமளவென்று சரியும். பம்ப் வறண்டு கதறும் முன்பே அடைப்பைக் கண்டுபிடித்து ஓட்டத்தைக் குறைத்துவிடலாம். எனக்கு மட்டம் அளப்பதைவிட இந்தப் பயனே பெரிதாகப் பட்டதுண்டு.

துளையிடுதல்

முதலில் நிப்பிளின் வெளிவிட்டத்தைக் காலிப்பரால் அளக்க வேண்டும். குழாய் மரையில் "அரை இஞ்ச்" என்பது பெயர் மட்டுமே. அரை இஞ்ச் என்.பி.டி (அமெரிக்கக் குழாய் மரைத் தரம்) மரையின் வெளிவிட்டம் சுமார் 21.3 மி.மீ., கால் இஞ்ச் மரையின் வெளிவிட்டம் சுமார் 13.7 மி.மீ. மேலும் இந்த மரை முனையில் சிறுத்து, போகப் போகப் பருக்கும். ஆகவே பெயரை நம்பி 12.7 மி.மீ. துளையிட்டவர்களும் உண்டு, எட்டாக்குறைக்கு அரத்தால் அகட்டித் துளையை முட்டை வடிவமாக்கியவர்களும் உண்டு. நிப்பிள் உரசாமல் நுழையும் அளவே போதும். அதற்கு மேல் அரை மி.மீ.கூட ஓ-ரிங்குக்குப் பாரம்.

குறித்த இடத்தில் சென்டர் பஞ்ச்சால் ஒரு குழி தட்டி, உட்புறம் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, 3 மி.மீ. பிட்டால் வழிகாட்டித் துளை போட்டபின், படிக்கட்டுப் போல விட்டம் கூடும் ஸ்டெப் பிட்டால் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துளைப்பதில் எல்லாரும் செய்யும் தவறு வேகம். பிட் வேகமாகச் சுழன்று, வெட்டாமல் உரசினால், அந்த இடம் சூடேறி உலோகம் இறுகிவிடும். இறுகிய பிறகு புதிய பிட்டும் அதன்மேல் வழுக்கும். டிரில்லைக் குறைந்த வேகத்தில் வைத்து, உடலின் பாரத்தைக் கொடுத்து, வெட்டு எண்ணெய்யைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனால், சுருள் சுருளாகத் தகடு சீவி வரும். தூளாக வந்தாலோ கிறீச்சிட்டாலோ உடனே நிறுத்தி எண்ணெய் விட வேண்டும்.

துளையின் இரு விளிம்பிலும் பிசிறை அரத்தால் எடுத்து, விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தால் எங்கும் தட்டக் கூடாது. ஓ-ரிங்கை அறுப்பது பெரும்பாலும் இந்தப் பிசிறுதான். பிறகு சீவல்கள் ஒன்றுகூட மிஞ்சாமல் துடைத்து, சோப்பு நீரால் எண்ணெய் போகக் கழுவி, வெட்டிய விளிம்பின்மேல் 5 சதவீதச் சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்தால், விளிம்பில் ஒட்டிய இரும்புத் துகள் கரைந்து, துரு தடுக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலம் மீண்டும் உருவாகும். சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. அது விட்டுச்செல்லும் இரும்பே அடுத்த வாரம் துருப்புள்ளியாக முளைக்கும். அலுமினியக் கெட்டிலுக்கு இந்த அமில வேலை வேண்டாம். துளையிட்டபின் வெறும் நீரைக் கொதிக்க வைத்தாலே அதற்கு உரிய படலம் வந்துவிடும்.

பொருத்துதல்

நிப்பிளின் டீயில் நுழையும் மரையில் டெஃப்லான் டேப்பை மூன்று நான்கு சுற்று, மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்புறமாகச் சுற்றினால் திருகும்போதே உரிந்து வந்துவிடும். முனையிலுள்ள முதல் மரையை வெறுமையாக விட்டால் டேப்பின் நார் வோர்ட்டுக்குள் தொங்காது.

ஓ-ரிங்கைக் கெட்டிலுக்கு வெளியே வைப்பதா, உள்ளே வைப்பதா என்பதில் இரு தரப்பு உண்டு. பல கிட்கள் வெளியே வைக்கச் சொல்கின்றன. அப்படி வைத்தால், நிப்பிளுக்கும் துளை விளிம்புக்கும் இடையிலுள்ள நூலிழை இடைவெளிக்குள் வோர்ட் நுழைந்து தங்கும். உள்ளே வைத்தால் அந்த இடைவெளி உலர்ந்தே இருக்கும், தீயிலிருந்தும் ஓ-ரிங் தப்பும். ஆகவே உள்ளேயே என்பது என் முடிவு. ஆனால் ஓ-ரிங்கைப் பிடித்து அடைக்கும் பள்ளம் வெட்டிய நட் இருந்தால்தான் அது சரிவரும். தட்டையான வாஷருக்கு அடியில் வைத்தால் ஓ-ரிங் பிதுங்கி நழுவிவிடும். சிறிய கெட்டில்களின் சுவரில் வளைவு அதிகம் என்பதால், சற்றுத் தடித்த ஓ-ரிங் அந்த வளைவோடு நன்றாகப் படியும்.

இறுக்கும்போது வெளித்துண்டை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, உள்நட்டை மட்டும் திருக வேண்டும். இரண்டும் சேர்ந்து சுழன்றால் ஓ-ரிங் முறுக்கிக்கொண்டு கிழியும். கையால் முட்டும் வரை திருகி, அதன்பின் ஸ்பானரால் கால் சுற்று. சிலிகோன் விளிம்பில் இலேசாக உப்புவது தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். ஸ்பானர் படும் இடம் கெட்டிலோடு நிரந்தரமாக இருக்கும் இந்த ஒன்று மட்டுமே. இதற்கு மேல் உள்ளவை எல்லாம் கைத்திருகல்.

குழாயை டீயின் மேல் வாயிலுள்ள கைநட்டில், ஓ-ரிங்கோடு செருகி, அடி முட்டும் வரை தள்ளியபின் இரண்டு மூன்று மி.மீ. மேலே இழுத்து இறுக்க வேண்டும். 40 செ.மீ. பாலிகார்பனேட் குழாய் 70 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மி.மீ. நீளும், போரோசிலிகேட் அதில் இருபதில் ஒரு பங்குகூட நீளாது. ஆனால் கண்ணாடிக் குழாயிலும் அடியில் உலோகம் முட்டிக்கொண்டிருந்தால் விளிம்பு தெறிக்கும். மேல்முனையை இறுக்கக் கூடாது. காப்புக் கூட்டில் தளர்வாகச் சாய்ந்திருந்தால் போதும். அந்த முனை காற்றுக்குத் திறந்தும் இருக்க வேண்டும். முழுவதும் அடைத்துவிட்டால் உள்ளே காற்று சிறைப்பட்டு மட்டம் ஏறாது. தூசிக்கு ஊசித்துளையிட்ட அலுமினியத் தாளால் மூடலாம்.

பிறகு குளிர்ந்த நீரை நிரப்பி, இணைப்பின் கீழே ஒரு தாளைப் பரப்பி இரவு முழுவதும் விட வேண்டும். காலையில் தாளில் ஈரப்பொட்டு இல்லையென்றால், அதே நீரை அரை மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மறுபடி பார்க்க வேண்டும். குளிரில் பிடித்து, ஆறும்போது ஒழுகும் இணைப்புகளே அதிகம்.

அளவுக் குறிகள்

கெட்டிலைச் சமதளத்தில் வைத்து, நீரைத் தராசில் எடைபோட்டு ஒரு கிலோ ஒரு கிலோவாக ஊற்றிக் குறித்துக்கொண்டு போனால், குவளையால் அளப்பதைவிடத் துல்லியம் கிடைக்கும். குறிகளைக் குழாயின்மேல் போடக் கூடாது. குழாயைத்தான் ஒவ்வொரு முறையும் கழற்றப்போகிறோமே, மாட்டும்போது 2 மி.மீ. மேலே நின்றால் எல்லா அளவும் பிசகும். கூட்டிலோ கெட்டிலின் சுவரிலோ பொறிப்பதே சரி.

சூட்டில் அளவு மாறும் விதம் இருவகை. நீர் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது சுமார் 4 சதவீதம் பெருகுகிறது. கொதிநிலையில் 25 லிட்டர் காட்டினால், ஆறியபின் ஏறக்குறைய 24 லிட்டர்தான். இது பலருக்கும் தெரியும். குழாயில் நிற்பது கெட்டிலில் இருக்கும் அதே வோர்ட் அல்ல என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். குழாயில் இருப்பது 40 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால் அதன் அடர்த்தி கூடுதல். கெட்டிலில் 40 செ.மீ. இருக்கும்போது குழாய் ஏறக்குறைய 38.6 செ.மீ. மட்டுமே காட்டும். மறுபக்கம், ஆரம்பத்தில் ஊற்றிய வெறும் நீர் குழாயிலேயே நின்றுவிட்டு, கெட்டிலில் நீரைப்போல் 1.050 மடங்கு அடர்த்தியுள்ள வோர்ட் சேர்ந்திருந்தால், இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போதே குழாய் 2 செ.மீ. கூடுதலாகக் காட்டும், நம் 36 செ.மீ. கெட்டிலில் அது இரண்டு லிட்டர். ஆகவே அளவு பார்க்குமுன் டீயின் வடிகுழாயைத் திறந்து ஒரு குவளை பிடித்து, திரும்பக் கெட்டிலில் ஊற்றிவிட்டு, தீயைத் தணித்து மட்டம் அசையாமல் நின்றதும், கண்ணைக் குழாயின் மட்டத்துக்கே தாழ்த்திப் பார்க்க வேண்டும்.

காய்ச்சும் நாளில் கிருமி நீக்கம்

10 மி.மீ. உள்விட்டமும் 40 செ.மீ. நீளமும் உள்ள குழாயில் நிற்பது சுமார் 31 மி.லி. மட்டுமே. அதைச் சூட்டாலேயே சுத்தப்படுத்திவிடலாம். இரசாயனம் எதுவும் தேவையில்லை. பாஸ்டர் முறைக் கணக்கில் 60 டிகிரியில் ஒரு நிமிடம் செய்யும் வேலையை, 70 டிகிரி அதே ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 27 மடங்கு செய்கிறது. ஈஸ்டையும் லாக்டோபேசில்லஸ் போன்ற பீர் கெடுக்கும் பாக்டீரியாக்களையும் அழிக்க இது தாராளம்.

கொதி முடிவதற்கு 15 நிமிடம் இருக்கும்போது வடிகுழாயைத் திறந்து, அரை லிட்டர் கொதிக்கும் வோர்ட்டை உலோகக் குவளையில் பிடிக்க வேண்டும். குழாயில் இருந்த பழைய வோர்ட் முதலில் வெளியேறும். மூடியதும் கெட்டிலிலிருந்து புதிதாகச் சூடானது ஏறி நிற்கும். பிடித்ததைக் கெட்டிலில் ஊற்றிவிட வேண்டும், அது மறுபடி கொதித்துவிடும். ஆனால் இதில் டீ நன்றாகச் சூடேறினாலும் குழாயின் உச்சி தப்பிவிடுகிறது. அதற்காக, நீண்ட காம்புக் கரண்டியால் கெட்டிலின் நடுவிலிருந்து வோர்ட்டை முகந்து, ஒரு சிறு உலோகப் புனலின் வழியே குழாயின் மேல்வாயில் மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். கனத்த கையுறை அவசியம். ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, மேல்முனையைத் தாளால் மூடிவிட்டால், குளிரூட்டும் நேரம் முழுவதும் குழாய் பாதுகாப்பாக இருக்கும். வடிகுழாய் இல்லாத எல்போ அமைப்பில் புனல் முறை மட்டுமே வழி. அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

கெட்டிலிலேயே லாக்டோபேசில்லஸை விட்டுப் புளிக்கவைக்கும் பீர்களுக்கு இந்த முறை போதாது. அந்த நாட்களில் கெட்டில் ஒரு நொதிகலனாகிவிடுவதால், சைட் கிளாஸை முழுவதும் கழற்றி, டீயின் மேல் வாயையும் மூடிவிடுவதே நல்லது.

கழுவுதல்

வோர்ட்டை இறக்கியவுடன், அது காய்வதற்குள், குழாயைக் கழற்ற வேண்டும். காய்ந்த வோர்ட்டைத் தேய்ப்பதற்கு ஆகும் நேரத்தில் பத்து முறை ஈரத்தில் கழுவிவிடலாம். குழாய், கைநட், ஓ-ரிங், மூடி ஆகியவற்றை 60 டிகிரி வெந்நீரில் கரைத்த சோடியம் பெர்கார்பனேட்டில் 20 நிமிடம் ஊறப்போட்டு, மென்மையான குழாய் பிரஷ்ஷால் ஒருமுறை இழுத்து, நல்ல நீரில் அலச வேண்டும். பாலிகார்பனேட் குழாயென்றால் வெதுவெதுப்பான நீரும் ஐந்து நிமிடமும் போதும். கெட்டிலோடு இருக்கும் நிப்பிளுக்குள் அதே பிரஷ்ஷை விட்டு, உள்நட்டைச் சுற்றியும் தேய்க்க வேண்டும். பல மாதங்களில் கண்ணாடியில் வெண்மையான சொரசொரப்பு படிந்தால் அது பீர்க்கல் எனப்படும் கால்சியம் ஆக்ஸலேட் படிவு. காரத்துக்கு மசியாது, அமிலக் கழுவலுக்கே கரையும்.

குளிர்ந்த வோர்ட்டோடு தொடர்புள்ள அமைப்பாக இருந்தால் மட்டும், கழுவியபின் பாஸ்பாரிக் அமிலம் சார்ந்த கிருமிநாசினியை லிட்டருக்கு 1.6 மி.லி. கலந்து, இரண்டு நிமிடம் நனைத்து வடியவிட வேண்டும். அழுக்கின்மேல் கிருமிநாசினி வேலை செய்யாது என்பதால் கழுவாமல் இதைச் செய்வது வீண். அயோடின் கரைசலும் பயன்படும். ஆனால் சிலிகோனும் பிளாஸ்டிக்கும் பழுப்பேறும். குளோரின் சார்ந்த பிளீச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசிக்குழிகளை உண்டாக்கும், மிச்சம் தங்கினால் பீரில் மருந்து வாடையும் ஏற்றும். அதைக் கெட்டில் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

துண்டுகளைத் தனித்தனியாகத் துணிமேல் பரப்பி உலர்த்தி, மாட்டாமலே ஒரு டப்பாவில் வைத்துவிட வேண்டும். அடுத்த முறை மாட்டும்போது ஒவ்வொரு ஓ-ரிங்கையும் விரல்களுக்கிடையில் வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தாலோ, கழுவியும் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாடையோடு புளிப்பு வாடை கலந்து வந்தாலோ, அதைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும்.